விடுபட்ட மூன்று ஆண்டுகள்: குர்ட் வால்ட்ஹைம் விவகாரம்

குர்ட் வால்ட்ஹைம் 1985இல் தன் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டபோது அறுபது வயதைத் தாண்டியிருந்தார். பத்தாண்டு ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்து முடித்தாயிற்று. அடுத்து ஆஸ்திரியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்பதாகத் திட்டம். போர்க்காலம் பற்றி அந்தப் புத்தகத்தில் அவர் சொன்னது கொஞ்சம்தான். ரஷ்யப் போர்முனைக்குப் போனார், 1941 டிசம்பரில் காலில் காயம் பட்டது, முன்னணியில் சண்டையிடத் தகுதியில்லை என்றானது, வியன்னாவுக்குத் திரும்பிச் சட்டம் படித்தார். படித்தது பொய்யில்லை, 1944இல் முனைவர் பட்டமும் வாங்கினார். ஆனால் 1942இலிருந்து போர் முடியும்வரை, விடுப்பில் போன நாட்கள் நீங்கலாக, அவர் பால்கன் பகுதியில் ஜெர்மன் ராணுவ அதிகாரியாக வேலை பார்த்தார். அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

1986 மார்ச்சில் இது வெளியே வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகள் நியூயார்க்கிலிருந்து பெல்கிரேடு வரை பத்திரிகைகளுக்கு இதே வேலையாகப் போயிற்று. அன்றைய செய்திகளையும் பின்னால் வந்த விசாரணை அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. அவர் தன் கடந்த காலத்தை மறைத்தார் என்பதற்கான ஆதாரம் முதல் வாரத்திலேயே கையில் இருந்தது. அவர் போர்க்குற்றம் செய்தார் என்பதற்கான ஆதாரம் கடைசிவரை கிடைக்கவில்லை. உலக ஊடகங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பின. அந்தக் குழப்பத்தால் அதிகம் லாபம் பெற்றவர் வால்ட்ஹைமேதான்.

அதுவரை வந்த பாதை

1918 டிசம்பர் 21 அன்று, வியன்னாவுக்கு அருகே உள்ள சாங்க்ட் ஆண்ட்ரே வோர்டர்ன் என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தை பள்ளி ஆசிரியர்; கத்தோலிக்க கிறிஸ்தவ சமூகக் கட்சியின் ஆதரவாளர். ஊரில் அது நாஜிகளுக்கு எதிரான குடும்பம் என்றே பெயர். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டதும் தந்தையை நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ கைது செய்து கொஞ்ச நாள் வைத்திருந்தது, வேலையும் போனது. மகன் வேறு வழி பார்த்தார். இணைப்பு நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், ஏப்ரல் 1 அன்று நாஜி மாணவர் சங்கத்திலும், அதே ஆண்டு நவம்பரில் எஸ்.ஏ. என்ற நாஜிக் கட்சியின் பழுப்புச் சட்டைப் படையின் குதிரைப் பிரிவிலும் அவர் சேர்ந்ததாக ராணுவப் பதிவு சொல்கிறது. குடும்பத்தின் மேல் விழுந்த சந்தேகத்தைப் போக்கவும் தன் படிப்பைக் காப்பாற்றவும் அந்த இளைஞர் அப்படிச் செய்திருக்கலாம். அதை அவர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் பாதி உலகம் புரிந்துகொண்டிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரோ கடைசிவரை, மாணவர்களோடு குதிரைச் சவாரி போனேன், அவ்வளவுதான் என்றார்.

போருக்குப் பிறகு எல்லாம் ஏறுமுகம். 1945இல் வெளியுறவுத் துறையில் நுழைந்து அமைச்சர் கார்ல் குரூபரின் செயலாளரானார். கனடாவில் தூதர், ஐ.நா.வில் தூதர், 1968 முதல் 1970 வரை வெளியுறவு அமைச்சர். 1971இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் தோற்றார். தோற்றவரை அதே ஆண்டு இறுதியில் உலகம் ஐ.நா. பொதுச்செயலாளராகத் தேர்ந்தெடுத்தது. வல்லரசுகளுக்கு அவரிடம் பிடித்தது அவருடைய நெளிவுசுளிவு. யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். 1981இல் மூன்றாவது முறையும் பதவி கேட்டார். சீனா பதினாறு முறை தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தி நிறுத்தியது.

இடையில் ஒரு வேடிக்கை. 1977இல் விண்ணுக்குப் போன வாயேஜர் கலங்களில் ஏற்றிய தங்கத் தட்டில், பூமியின் சார்பாக வேற்றுலக உயிர்களுக்கு வாழ்த்துச் சொல்லும் குரல் வால்ட்ஹைமுடையது. அந்தத் தட்டில் தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை என்பது நம் ஆட்களின் தீராத குறை. மனித குலத்தின் பிரதிநிதியாகப் பேசியவரின் பின்னணியை யாரும் சரிபார்க்கவில்லை என்பது அதைவிடப் பெரிய குறை.

பால்கனில் என்ன வேலை

1942 கோடையில் மேற்கு போஸ்னியாவின் கோசாரா மலைப்பகுதியில் ஜெர்மன் படையும் அதன் கூட்டாளியான குரோஷிய உஸ்தாஷா படையும் சேர்ந்து, ஆக்கிரமிப்பை எதிர்த்த பார்ட்டிசான் போராளிகளுக்கு எதிராகப் பெரிய நடவடிக்கை எடுத்தன. பல்லாயிரம் பொதுமக்கள் வீடுகளிலிருந்து விரட்டப்பட்டு முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், ஏராளமானோர் செத்தார்கள். அந்தப் படைப்பிரிவின் வழங்கல் பிரிவில் லெப்டினன்ட் வால்ட்ஹைம் இருந்தார். குரோஷிய அரசு அவருக்கு ஸ்வோனிமிர் மன்னர் பெயரிலான வெள்ளிப் பதக்கம் கொடுத்தது.

பிறகு கிரேக்கத்தில் தெசலோனிகி நகரை ஒட்டிய அர்சாக்லி கிராமம். அங்கேதான் ‘ஈ’ ராணுவத் தொகுதியின் தலைமையகம். தளபதி ஜெனரல் அலெக்சாண்டர் லோர், இவரும் ஆஸ்திரியர். 1941 ஏப்ரலில் பெல்கிரேடு மீது குண்டு வீசிய விமானப் படையை நடத்தியவர். 1947இல் யூகோஸ்லாவியாவில் மரண தண்டனை பெற்றவர். லோரின் உளவுப் பிரிவில் வால்ட்ஹைம் இளநிலை அதிகாரி. சுற்றுவட்டாரப் படைகளிலிருந்து வரும் தகவல்களைத் தொகுத்துக் காலையிலும் மாலையிலும் நிலவர அறிக்கை தயாரிப்பது, கைதிகளின் விசாரணைக் குறிப்புகளைக் கையாள்வது போன்றவை அவர் வேலை. யாரையும் சுடச் சொல்லவோ நாடு கடத்தச் சொல்லவோ அவருக்கு அதிகாரம் இல்லை. அதே சமயம், யார் எங்கே சுடப்பட்டார்கள், எந்தக் கிராமம் எரிக்கப்பட்டது என்ற தகவல் அவர் மேசையைத் தாண்டித்தான் மேலே போனது. சில தாள்களில் அவர் கையெழுத்தும் கிடக்கிறது.

தெசலோனிகியிலிருந்து 1943 மார்ச் தொடங்கி ஆகஸ்ட் வரை 40,000க்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலில் ஏற்றி ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்கு அனுப்பினார்கள். பல நூற்றாண்டுகளாக அந்த நகரத்துக்கு அடையாளமாக இருந்த சமூகம் சில மாதங்களில் காலியானது. அந்த மாதங்களின் ஒரு பகுதியை வால்ட்ஹைம் அல்பேனியா, மாண்டினீக்ரோ, ஏதென்ஸ் பக்கம் கழித்தார் என்பது உண்மை. 1943 மே 22 அன்று பொட்கோரிட்சா விமானத் தளத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தில், இத்தாலியத் தளபதிக்கும் எஸ்.எஸ். என்ற நாஜிக் கட்சிப் படையின் ஜெனரல் ஆர்ட்டுர் ஃப்ளெப்ஸுக்கும் இடையே அவர் நிற்கிறார். ஆனால் பக்கத்து நகரம் காலியானது தனக்குத் தெரியவே தெரியாது என்று ஓர் உளவுப் பிரிவு அதிகாரி சொன்னால் நம்புவது கஷ்டம்.

ஒரு நினைவுப் பலகையும் ஒரு ராணுவ அட்டையும்

விஷயம் கிளம்பியது வால்ட்ஹைமைத் தேடிப் போனதில் அல்ல. வியன்னாவின் ராணுவக் கல்விக்கழகத்தில் லோருக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள், ஆஸ்திரிய விமானப் படையின் முன்னோடி என்று. போர்க்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவருக்குப் பலகையா என்று சர்ச்சை எழுந்தது. லோரிடம் யார் யார் வேலை பார்த்தார்கள் என்று நோண்டியபோது குடியரசுத் தலைவர் வேட்பாளரின் பெயர் தலைகாட்டியது.

‘புரோஃபீல்’ வார இதழின் இளம் நிருபர் ஹூபர்டஸ் செர்னின் நேராக வால்ட்ஹைமிடமே போய், உங்கள் ராணுவப் பதிவைப் பார்க்க அனுமதி தாருங்கள் என்று கேட்டார். அவரும் கொடுத்தார். காப்பகத்தில் எடுத்துக் கொடுத்த அட்டையில் மாணவர் சங்கமும் எஸ்.ஏ.வும் பதிவாகியிருந்தன. 1986 மார்ச் 3 தேதியிட்ட இதழில் கட்டுரை வந்தது. மறுநாள் நியூயார்க் டைம்ஸில் ஜான் டாக்லியாபூவின் செய்தி: போர்க்குற்றவாளி ஒருவரின் கீழ் வால்ட்ஹைம் பணியாற்றியதைக் கோப்புகள் காட்டுகின்றன என்று தலைப்பு. நியூயார்க்கில், பல நாட்டு யூத அமைப்புகளின் கூட்டமைப்பான உலக யூதக் காங்கிரஸ், வரலாற்றாசிரியர் ராபர்ட் ஹெர்ஸ்டைனை அமர்த்தி ஆவணங்களைத் தேட வைத்தது. கிடைக்கக் கிடைக்கப் பத்திரிகையாளர் கூட்டம் போட்டு வெளியிட்டார்கள்.

இதில் உள்ளூர் அரசியல் கலக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆளும் சோஷலிஸ்டுகளின் தலைவரும் பிரதமருமான ஃப்ரெட் சினோவாட்ஸ், வால்ட்ஹைமின் பழைய கதையைத் தேர்தலில் கிளப்பப் போகிறோம் என்று முன்கூட்டியே கட்சிக் கூட்டத்தில் சொன்னாரா என்பது பெரிய வழக்கானது. அதில் பொய்ச் சாட்சி சொன்னதற்காக அவர் பின்னர் தண்டனையும் பெற்றார். இந்த விவகாரத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டும் நையாண்டி அவருடையதுதான்: வால்ட்ஹைம் எஸ்.ஏ.வில் இல்லை, அவருடைய குதிரை மட்டும்தான் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்கிறேன் என்றார்.

வால்ட்ஹைம் தன் பதிலைத் தவணை முறையில் கொடுத்தார். முதலில் இல்லை என்றார். தாளைக் காட்டினால், இருந்தேன், ஆனால் வெறும் மொழிபெயர்ப்பாளன் என்றார். அடுத்த தாளைக் காட்டினால், இருந்தேன், ஆனால் எனக்குத் தெரியாது என்றார். அப்புறம் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம்: “போரில் லட்சக்கணக்கான ஆஸ்திரியர்கள் செய்ததைத்தான் நானும் செய்தேன், படைவீரனாக என் கடமையை நிறைவேற்றினேன்.”

இந்த வாக்கியம் அவரைக் கவிழ்த்துவிடும் என்று வெளிநாட்டு நிருபர்கள் நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். அதற்கு ஆஸ்திரியாவின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். 1943 மாஸ்கோ பிரகடனத்தில் நேச நாடுகள் ஆஸ்திரியாவை ஹிட்லர் ஆக்கிரமிப்பின் முதல் பலி என்று குறிப்பிட்டன. அதே பிரகடனத்தில், போரில் ஜெர்மனியின் பக்கம் நின்றதற்கான பொறுப்பும் உனக்கு உண்டு என்று ஒரு வரி இருந்தது. ஆஸ்திரியாவுக்கு மீண்டும் முழுச் சுதந்திரம் தந்த அரசு உடன்படிக்கையின் முன்னுரையிலும் அந்த இரண்டாம் வரி வரவிருந்தது; 1955 மே மாதம், கையெழுத்தாகும் தறுவாயில், அதை வெளியுறவு அமைச்சர் லியோபோல்ட் ஃபிகிள் பேசி நீக்கவைத்தார். அதன்பின் முப்பது ஆண்டு, பலியான நாடு என்ற கதை பாடப்புத்தகம் முதல் மேடைப் பேச்சு வரை ஓடியது. ஆனால் வீட்டுக்கு வீடு ஜெர்மன் ராணுவத்தில் இருந்த அப்பாவோ தாத்தாவோ இருந்தார்கள். வால்ட்ஹைமைக் குற்றவாளி என்று நியூயார்க் சொன்னபோது, அவர்கள் காதில் தங்கள் அப்பாவைக் குற்றவாளி என்று சொன்னதாக விழுந்தது. நாடு பலி, அதன் ஆண்கள் கடமை வீரர்கள் என்ற இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும் என்று கேட்க அன்றைக்கு அதிகம் பேர் தயாராக இல்லை.

வால்ட்ஹைமை ஆதரித்த மக்கள் கட்சி இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. உலகம் நம்பும் ஆஸ்திரியர் என்பது முதலில் அவர்கள் வைத்திருந்த முழக்கம். உலகம் நம்பாமல் போனதும், ஆஸ்திரியர்களாகிய நாங்கள் எங்களுக்கு வேண்டியவரைத் தேர்ந்தெடுப்போம் என்று சுவரொட்டி மாறியது. நாட்டில் அதிகம் விற்கும் ‘குரோனென் சைட்டுங்’ நாளிதழ் வால்ட்ஹைம் பக்கம் நின்று, வெளிநாட்டுச் சதி என்றது. உலக யூதக் காங்கிரஸ் பிரமுகர்கள், இவரைத் தேர்ந்தெடுத்தால் வரும் ஆண்டுகள் ஆஸ்திரியர்களுக்குச் சுலபமாக இருக்காது என்ற தோரணையில் பேட்டி கொடுத்தது எரிகிற நெருப்பில் எண்ணெய். யூத வெறுப்பு மறைமுகமாகவும் சில இடங்களில் நேரடியாகவும் மேடை ஏறியது. நாஜி வேட்டைக்காரர் என்று உலகம் அழைத்த சைமன் வீசென்தால் வியன்னாவில்தான் இருந்தார். வால்ட்ஹைம் பொய் சொல்கிறார், ஆனால் போர்க்குற்றவாளி என்று காட்ட ஆதாரம் இல்லை என்பது அவர் நிலை. அதோடு யூதக் காங்கிரஸின் அவசரத்தையும் வெளிப்படையாகக் கண்டித்தார். அந்தச் சில மாதங்களில் நிதானமாகப் பேசிய மிகச் சிலரில் அவர் ஒருவர். இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார்.

மே 4 முதல் சுற்றில் வால்ட்ஹைமுக்கு 49.6 சதவீதம். ஜூன் 8 இரண்டாம் சுற்றில் 53.9 சதவீதம் வாங்கி ஜெயித்தார். மறுநாள் சினோவாட்ஸ் பதவி விலகினார்.

நியூயார்க்கில் கிடந்த கோப்பு

என்னைக் கேட்டால், இந்த விவகாரத்தில் ஊடகங்களின் பெரிய தவறு 1986இல் நடந்ததல்ல. அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் நடந்தது.

1947 டிசம்பரில் யூகோஸ்லாவியா வால்ட்ஹைம் பெயரில் ஒரு குற்றக் கோப்பு தயாரித்தது. அதை ஏற்று, 1948 பிப்ரவரியில் நேச நாடுகளின் போர்க்குற்ற ஆணையம் அவர் பெயரைப் பட்டியலில் சேர்த்தது. ஆணையம் கலைக்கப்பட்டதும் அதன் கோப்புகள் ஐ.நா.வின் ஆவணக் காப்பகத்துக்குப் போயின. ஆக, வால்ட்ஹைம் பத்தாண்டு தலைமை தாங்கிய அமைப்பின் சொந்தக் காப்பகத்தில், நியூயார்க்கில், அவர் மீதான குற்றச்சாட்டு தூசி படிந்து கிடந்தது. அரசுகள் கேட்டால் மட்டுமே காட்டுவார்கள் என்பது விதி. கேட்க யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தெரிந்தவர்கள் கேட்க விரும்பவில்லை. கோப்பைத் தயாரித்த யூகோஸ்லாவியாவே அவர் உயரும்போதெல்லாம் வாயைத் திறக்கவில்லை. 1986 ஏப்ரலில்தான் இஸ்ரேலின் ஐ.நா. தூதராக இருந்த பெஞ்சமின் நெதன்யாகு அதை எடுத்துப் பார்த்தார்; முழுக் காப்பகத்தையும் திறக்கச் சொல்லித் தொடர்ந்து அழுத்தம் கொடுத்தார்.

அந்தக் கோப்பிலும் ஓட்டை உண்டு. போருக்குப் பிறகு யூகோஸ்லாவியா ஆஸ்திரியாவிடம் கரிந்தியா நிலப்பகுதியைக் கேட்டுக்கொண்டிருந்தது. வால்ட்ஹைம் அப்போது குரூபரின் உதவியாளராக அந்தப் பேச்சுவார்த்தைகளில் இருந்தார். ஆஸ்திரியாவை நெருக்கவே இந்தக் கோப்பு உருவானது, சாட்சியங்கள் கைதிகளிடம் வாங்கியவை என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1986இல் பரபரப்பாக வெளியிட்ட பத்திரிகைகளில் இந்தப் பின்னணி பெரும்பாலும் வரவில்லை. கொலைக் குற்றச்சாட்டு என்ற இரண்டு சொல் வந்தது.

1980இல் ஒரு வாய்ப்பு வந்தது. அமெரிக்க வார இதழ் ஒன்று அவருக்கு நாஜித் தொடர்பு இருந்ததாக எழுத, நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டீபன் சோலார்ஸ் அவரிடமே கடிதம் எழுதிக் கேட்டார். வால்ட்ஹைம் மறுத்துப் பதில் எழுதினார். சி.ஐ.ஏ.வும் ஏறக்குறைய அதே கதையைத் திருப்பிச் சொன்னது. விஷயம் அங்கேயே நின்றது. பெரிய நாளிதழ்கள் எதுவும் பின்தொடரவில்லை. வியன்னா காப்பகத்தில் ஓர் அட்டையைப் பார்க்க அன்றே யாராவது போயிருக்கலாம்.

கண்காணிப்புப் பட்டியல், குழு அறிக்கை, போலித் தந்தி

பதவியேற்ற பிறகு அவர் வீட்டுச் சிறையில் இருந்த மாதிரிதான். இஸ்ரேல் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. மேற்குத் தலைநகரங்கள் அழைக்கவில்லை. வியன்னாவில் எதிர்ப்பாளர்கள் சிற்பி ஆல்ஃபிரட் ஹிர்ட்லிச்கா வடிவமைத்த பெரிய மரக்குதிரையைத் தெருவில் இழுத்துக்கொண்டு போனார்கள். சினோவாட்ஸின் நையாண்டிக்கு நாலு கால் முளைத்தது. 1987 ஏப்ரல் 27 அன்று அமெரிக்க நீதித்துறை அவரை நுழைவுத் தடைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. பதவியில் இருக்கும் ஒரு நட்பு நாட்டுத் தலைவருக்கு அது நடந்ததில்லை. அதே ஜூனில் போப் இரண்டாம் ஜான் பால் அவரை வாட்டிகனில் வரவேற்றது இன்னொரு புயலைக் கிளப்பியது. நவம்பரில் மக்கள் கட்சியின் பொதுச்செயலாளர் மிஹாயேல் கிராஃப் ஒரு பிரெஞ்சு வார இதழிடம், ஆறு யூதர்களைத் தன் கையால் கழுத்தை நெரித்தார் என்று நிரூபிக்காதவரை பிரச்சினை இல்லை என்ற பொருளில் பேசிவிட்டுப் பதவியை இழந்தார்.

ஆஸ்திரிய அரசு சர்வதேச வரலாற்றாசிரியர் குழுவை அமைத்தது. தலைவர் சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் ருடால்ஃப் குர்ஸ். உறுப்பினர்கள் ஜெர்மனி, இஸ்ரேல், பிரிட்டன், அமெரிக்கா, பெல்ஜியம் எனப் பல நாட்டவர். குழு முடிவை எல்லோரும் எதிர்பார்த்திருந்த வாரங்களில், 1988 தொடக்கத்தில், ஜெர்மனியின் ‘டெர் ஷ்பீகல்’ ஒரு தந்தியின் நகலை வெளியிட்டது. கோசாரா கைதிகளை நாடு கடத்தியதில் வால்ட்ஹைமுக்கு நேரடிப் பங்கு இருந்ததைக் காட்டும் தாள் அது என்றார்கள். இரண்டு ஆண்டாகத் தேடிய சான்று கிடைத்துவிட்டது என்று உலகம் முழுக்கத் தலைப்பு. சீக்கிரமே அது போலி என்று தெரிந்தது. ஷ்பீகல் வாசகர்களிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜெர்மன் இதழியலில் ஹிட்லர் நாட்குறிப்பு மோசடி நடந்து ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை. நாஜிக் காலத் தாளைக் கண்ணில் கண்டால் முதலில் தாளைச் சோதி என்பது எல்லா ஆசிரியர் குழுவுக்கும் அப்போது பாடம். ஆனாலும் விழுந்தார்கள். மையமான சான்று எங்கோ இருக்கத்தான் வேண்டும் என்று கதையே அவர்களை நம்பவைத்திருந்தது. அந்த ஒரு போலியால் வால்ட்ஹைம் தரப்பு, எங்கள் மேல் வந்தது எல்லாமே இந்த ரகம்தான் என்று பேச முடிந்தது.

1988 பிப்ரவரி 8 அன்று குழு அறிக்கை கொடுத்தது. தனிப்பட்ட முறையில் அவர் போர்க்குற்றம் செய்ததாக ஆதாரம் இல்லை. ஆனால் நடந்தவை அவருக்குத் தெரிந்திருந்தன. அவற்றைத் தடுக்கவோ எதிர்க்கவோ முயன்றதற்கு எந்தத் தடயமும் இல்லை. தன் ராணுவக் காலத்தை மறக்கடிக்கப் பார்த்தார், அது முடியாமல் போனபோது சாதாரணமாக்கப் பார்த்தார். வால்ட்ஹைம் முதல் பாதியை எடுத்துக்கொண்டு, குற்றமற்றவன் என்றார். எதிர்த்தரப்பு இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டது. வீசென்தால், இனி பதவி விலகுவதே சரி என்றார். அந்த மார்ச்சில் இணைப்பின் ஐம்பதாம் ஆண்டு வந்தபோது, ஆஸ்திரியர்கள் செய்த நாஜிக் குற்றங்களுக்காக வால்ட்ஹைம் தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்டார். தன் பங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஜூனில் பிரிட்டனின் தேம்ஸ் தொலைக்காட்சியும் அமெரிக்காவின் எச்.பி.ஓ.வும் சேர்ந்து, முன்னாள் நீதிபதிகளை உட்காரவைத்து ஒரு விசாரணையை மணிக்கணக்கில் ஒளிபரப்பின. அவர்களும் வழக்குக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தார்கள். பார்வையாளர்களுக்கு ஏமாற்றம்; சட்டப்படி பார்த்தால் நியாயமான முடிவு.

பிறகு நடந்தவை

வால்ட்ஹைம் ஆறு ஆண்டுப் பதவியை முழுதாக முடித்தார், இரண்டாம் முறை நிற்கவில்லை. 1990 ஆகஸ்டில் பாக்தாத் போய் சதாம் உசேனிடம் பேசி, அங்கே பிடித்து வைக்கப்பட்டிருந்த ஆஸ்திரியர்களை அழைத்து வந்தது பதவிக்காலத்தில் அவர் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே வெளிநாட்டுச் சாதனை. தேர்தல் முடிந்த சில மாதங்களில், 1986 செப்டம்பரில், வலதுசாரித் தலைவர் யோர்க் ஹைடர் சுதந்திரக் கட்சியைக் கைப்பற்றினார். வால்ட்ஹைம் தேர்தலில் கிளறப்பட்ட உணர்ச்சிகள் அவருக்குக் கை கொடுத்தன என்பதில் சந்தேகம் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 1991 ஜூலை 8 அன்று பிரதமர் ஃப்ரான்ஸ் விரானிட்ஸ்கி நாடாளுமன்றத்தில், ஆஸ்திரியர்கள் செய்த குற்றங்களுக்கு ஆஸ்திரியா பொறுப்பேற்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். 1995இல் நாஜிக் கொடுமையால் பாதிக்கப்பட்டவர்களுக்கான தேசிய நிதி அமைந்தது. செர்னின் அடுத்து அரசு அருங்காட்சியகங்களின் ஆவணங்களுக்குள் இறங்கி, யூதக் குடும்பங்களிடமிருந்து பறித்த ஓவியங்கள் எப்படி அரசுச் சொத்தாயின என்று எழுதினார். 1998இல் கலைப்பொருள் மீட்புச் சட்டம் வந்தது. அமெரிக்கத் தடையோ வால்ட்ஹைம் உயிரோடு இருந்தவரை நீங்கவில்லை.

2007 ஜூன் 14 அன்று அவர் வியன்னாவில் இறந்தார். இறந்த பிறகு வெளியிடும்படி ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். நாஜிக் குற்றங்களைப் பற்றி முழுதாகவும் தெளிவாகவும் பேச மிகவும் தாமதித்துவிட்டேன், அதற்காக ஆழ்ந்து வருந்துகிறேன் என்று அதில் இருக்கிறது. கூடவே, தன் வாழ்க்கைக்குச் சம்பந்தமே இல்லாத பூதாகாரமான குற்றச்சாட்டுகளின் அழுத்தம்தான் அதற்குக் காரணம் என்றும் இருக்கிறது. 1945க்கும் 1986க்கும் நடுவே அப்படி எந்த அழுத்தமும் இல்லாத நாற்பது ஆண்டுகள் அவரிடம் இருந்தன. கடிதம் அதைத் தொடவில்லை.